முதல் புத்தகம் அச்சாகிவிட்டது. வாசகரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பண்ருட்டிப் பக்கத்துக்காரர், கடலூரில் வேலை. 2011-ல் வீசிய ‘தானே’ புயலில் முந்திரித் தோப்புகளை இழந்த குடும்பங்களைப் பற்றிய சிறுகதைகளைத் தொகுத்து, சொந்தச் செலவில் 300 பிரதி அச்சிட்டிருக்கிறார். 160 பக்கம், விலை ரூ.200. வெளியீட்டு விழாவில் 70 பிரதி போயிற்று. மீதி 230 வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. ரூ.15,000 கொடுத்தால் சமூக ஊடகங்களில் ‘எழுத்தாளர் பிராண்ட்’ உருவாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா, வேண்டாமென்றால் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம். காரணத்தைக் கணக்கே சொல்லிவிடும். அச்சுக்கூலி, அட்டை, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு ரூ.80 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்களுக்கு வருவது ரூ.130, அடக்கம் போக நிற்பது ரூ.50. நீங்களே வாசகருக்கு நேரடியாக அனுப்பி, தபால் செலவையும் உறையையும் (சுமார் ரூ.30) நீங்களே ஏற்றுக்கொண்டால் நிற்பது ரூ.90. அந்த 15,000 ரூபாயை மீட்கவே 167 பிரதிகளை நேரடியாக விற்றாக வேண்டும். இருப்பதே 230. அந்தப் பணத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் உங்கள் படம் போட்ட சில போஸ்டர்கள், ஒரு வீடியோ, தமிழ் படிக்காதவர்களின் லைக்குகள். கதைத் தொகுப்பு அப்படி விற்பதில்லை. நம்பும் ஒருவர் ‘படித்துப் பார்’ என்று சொல்லித்தான் விற்கிறது. ஆகவே செலவழிக்கிற பணத்தையும் நேரத்தையும் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் கைக்குப் புத்தகத்தைச் சேர்ப்பதில் போடுங்கள். அதே நேரத்தில், யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட ஒருவர் இரண்டு நிமிடத்தில் புத்தகத்தை வாங்கிவிட முடிகிற நிலையையும் உண்டாக்குங்கள். இந்த இரண்டில் பின்னதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். வழி இல்லாத இடத்துக்கு ஆளை அழைத்துப் பயனில்லை.

உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு மூன்று நான்கு விதமாவது வரும். அட்டையில் ஒன்று, ஃபேஸ்புக்கில் ஒன்று, இன்ஸ்டாகிராமில் இன்னொன்று என்று இருந்தால் தேடுகிறவருக்கு நீங்கள் மூன்று ஆட்கள். முன்னெழுத்து, புள்ளி, ஊர்ப்பெயர் எல்லாம் சேர்த்து தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். அதே பெயரில் ஏற்கெனவே எழுதுகிற வேறொருவர் இருந்தால் இப்போதே ஊர்ப்பெயரையோ தந்தை பெயரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது புத்தகத்தில் மாற்றினால் முதல் இரண்டும் அனாதையாகிவிடும். ஒரே புகைப்படத்தைக் குறைந்தது இரண்டு வருடம் எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். அதன் பெரிய அளவுக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பத்திரிகைக்காரர் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் நசுங்கிய படத்தை அனுப்பினால் அச்சில் மங்கும். பல நேரம் படமே இல்லாமல் செய்தி வரும்.

தன்குறிப்புதான் பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம். ‘கவிஞர், எழுத்தாளர், சிந்தனையாளர், பேச்சாளர், சமூக ஆர்வலர்’ என்று அடுக்கினால் படிப்பவர் மனதில் ஒன்றும் தங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பண்ருட்டி வட்டாரத்து முந்திரி விவசாயக் குடும்பங்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதுகிறார். கடலூரில் வசிக்கிறார். இது முதல் தொகுப்பு.’ மேடையில் அறிமுகம் செய்கிறவர் இதை அப்படியே படிக்கலாம். இதையே 20 சொல், 60 சொல், 150 சொல் என்று மூன்று அளவில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் என்று வெளியே சொல்கிற விஷயம் எழுத்தாளரைப் பொறுத்தவரை இதுதான்: உங்கள் பெயரைச் சொன்னதும் ஒரு நிலம், ஒரு தொழில், ஒரு மனிதக் கூட்டம் நினைவுக்கு வர வேண்டும். கி.ராஜநாராயணன் கடைசிக் காலம்வரை பல்லாண்டுகள் புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது கரிசல். உங்களுக்கு முந்திரிக்காடும் செம்மண்ணும் கையில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுக் காதல் கவிதை, தன்னம்பிக்கை வாசகம், அரசியல் கருத்து என்று எல்லாத் திசையிலும் பதிவு போட்டால் இருப்பதும் கரையும்.

வாங்கும் வழிக்கு வருவோம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் புத்தகத்தின் அட்டை, விலை, மூன்று வரி அறிமுகம் ஆகியவற்றை ‘கேட்டலாக்’ என்ற பொருள் பட்டியலில் ஏற்றுங்கள். ‘முகவரி, பின்கோடு, கைபேசி எண் அனுப்புங்கள், தொகை ரூ.200, தபால் செலவு இல்லை’ என்ற பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமித்துவிட்டால் ஒரே தட்டில் போய்விடும். யுபிஐ க்யூஆர் குறியீட்டையும் அதோடு இணையுங்கள். பணம் வந்த அன்றோ மறுநாளோ அனுப்பிவிட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து ‘அனுப்பிட்டீங்களா?’ என்று கேட்க வைத்தால் அந்த வாசகர் அடுத்த புத்தகத்துக்கு வரமாட்டார்.

தபாலில் இப்போது நல்ல வசதி வந்திருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ‘கியான் போஸ்ட்’ சேவையில் புத்தகம் 300 கிராம் வரை ரூ.20, ஐந்து கிலோ வரை போனால் ரூ.100, வரி தனி. எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. தரைவழியில் போவதால் சற்றுத் தாமதமாகும். டெமி அளவில் 70 ஜிஎஸ்எம் தாளில் 160 பக்கப் புத்தகம் ஏறக்குறைய 190 கிராம் வரும். கெட்டி அட்டை ஒன்றை வைத்து உறையிட்டாலும் 300-ஐத் தாண்டாது. உள்ளே அட்டை வைக்காமல் வெறும் உறையில் போட்டால் முனை மடங்கித்தான் போய்ச் சேரும். மழைக்காலத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றும் அவசியம். இந்தச் சேவை கல்வி சார்ந்த, வணிக நோக்கில்லாத புத்தகங்களுக்கானது, விளம்பர வெளியீடுகளை ஏற்பதில்லை. ஆகவே கதைத் தொகுப்பை ஏற்பார்களா என்று கவுன்டரில் முதலில் கேட்டுவிடுங்கள். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும் என்பதும் விதி. சொந்தப் பதிப்பு என்பதால் சிலர் இந்த விவரங்கள் வரும் இம்பிரின்ட் பக்கத்தையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கவுன்டரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக எண் இல்லாமல் அடித்திருந்தால் அடுத்த பதிப்புக்காவது வாங்குங்கள். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ‘ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர ரூ.3,000’ என்று கேட்கிறவரிடம் ஏமாற வேண்டாம். அது இருந்தால்தான் இணையக் கடைகளிலும் நூலகக் கொள்முதல் விண்ணப்பத்திலும் வேலை சுலபமாகும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. இங்கே பதிப்பாளர் நீங்கள்தான்.

இனி முக்கியமான வேலை: 40 பிரதிகளை இலவசமாகக் கொடுப்பது. ஒன்றுக்கு அடக்கமும் தபாலும் ரூ.110, மொத்தம் ரூ.4,400. அந்த 15,000-ல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உறவினர், அலுவலக நண்பர், உள்ளூர்ப் பிரமுகர் யாருக்கும் இதிலிருந்து கொடுக்காதீர்கள். அவர்கள் வாங்க வேண்டியவர்கள். நாளிதழ், வார, மாத இதழ்களில் நூல் அறிமுகப் பகுதி உள்ளவை மூன்றுக்கு இரண்டிரண்டு பிரதி. இரண்டு கேட்பதுதான் அங்கே வழக்கம். கடந்த ஓராண்டில் இதுபோன்ற வட்டாரக் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிய எட்டுப் பேருக்கு ஒவ்வொன்று. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் தமிழ்ப் புத்தகங்களைப் படித்துப் பேசுகிறவர்களில் ஆறு பேர். அவர்களைப் பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கருத்துப் பகுதியைப் பாருங்கள். ‘எங்கே கிடைக்கும்?’ என்று யாராவது கேட்கிறார்களா? அப்படியானால் அந்த இடத்தில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு எட்டு. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. என் கணிப்பில் உங்களுக்கு அதிகப் பலன் தரப்போவது இதுதான். கடலூர் பெரியார் அரசு கலைக்கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக்கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலம், இலாசுப்பேட்டை காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம் என்று எல்லாமே பஸ்ஸில் போய்வரும் தூரம். ஆய்வு மாணவர்கள் வட்டார வழக்கு, வேளாண் வாழ்வு, பேரிடர் போன்ற தலைப்புகளுக்குப் புதிய நூல்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு விரும்பினால் ஒரு சிறுகதைத் தொகுப்பையே ஒரு பருவத்துக்குப் பாடமாக வைக்க முடியும். துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள், அது அலமாரிக்குப் போய்விடும். தற்கால இலக்கியம் நடத்தும் ஆசிரியர் யார் என்று கேட்டு அவரையே பாருங்கள். ஒரு மணி நேரம் மாணவர்களோடு கதை பற்றிப் பேசத் தயார் என்று சொல்லுங்கள். பணம் கேட்காதீர்கள், ‘மாணவர்களுக்கு ரூ.150-க்குத் தருகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு 15 பிரதி எடுத்துப் போங்கள்.

மீதி 12-ல் ஐந்து, நூலகங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும். அவற்றில் ஒன்று புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போகட்டும். நான்கு, தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைப் பொறுப்பாளர்களுக்கு. ஒன்று புதுச்சேரி வானொலி நிலையத்துக்கு, சிறுகதை வாசிக்க விருப்பம் தெரிவிக்கும் கடிதத்தோடு. மற்ற இரண்டும் கையிருப்பு.

யாருக்கு அனுப்பினாலும், அனுப்பும் முன் ஒரு குறிப்பு போய் முகவரி கேட்க வேண்டும். கேட்காமல் வந்த புத்தகம் பிரிக்கப்படாமலே கிடக்கும். குறிப்பு இந்த அளவில் இருந்தால் போதும்:

‘வணக்கம். தானே புயலுக்குப் பின் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் நடக்கும் கதைகளைத் தொகுத்திருக்கிறேன். வேளாண் வாழ்வைப் பற்றிய நாவல்கள் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின் உங்களுக்கு அனுப்பத் தோன்றியது. முகவரி தந்தால் அனுப்புகிறேன். நேரம் குறைவு என்றால் 47-ஆம் பக்கக் கதையை மட்டும் பாருங்கள். எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.’

எந்தக் கதை என்று சொல்லிக் கொடுப்பதுதான் இதில் உயிர். முழுப் புத்தகத்தைத் திறக்கத் தயங்குபவர்கூட ஒரு கதையைப் படிப்பார். பிடித்தால் மீதியைத் தாமே படிப்பார். மூன்று வாரம் கழித்து ‘கிடைத்ததா?’ என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். ‘படிச்சீங்களா, எப்ப எழுதுவீங்க?’ என்று கேட்கக் கூடாது. 40-ல் ஏழெட்டுப் பேர் ஏதாவது எழுதினாலோ பேசினாலோ நல்ல பலன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டு விழா முடிந்துவிட்டது, சரி. இனி அறிமுகக் கூட்டம்தான் வேண்டும். அதுவும் கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று போதும். விழாவில் பன்னிரண்டு பேர் வாழ்த்துரை வழங்கினால் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மாலையும் சால்வையும்தான் மிஞ்சும். அறிமுகக் கூட்டத்தில் மூன்று பேர் பேசட்டும், ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கதை. அதில் ஒருவர் இலக்கியவாதியாக இல்லாமல் முந்திரி விவசாயியாகவோ கொட்டை உடைக்கும் தொழிலில் இருப்பவராகவோ இருந்தால் கூட்டத்தின் தன்மையே மாறிவிடும். ஒரு மாதம் முன்பே அவர்கள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். விற்பனை மேசை வாசலில் இருக்கட்டும், மேடை ஓரத்தில் வேண்டாம். சில்லறையும் க்யூஆர் அட்டையும் தயாராக, உறவினரோ நண்பரோ ஒருவர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு அன்று மாலையே ஐந்து வரிச் செய்தியையும் ஒரு படத்தையும் யுனிகோடில் கடலூர், புதுச்சேரி செய்தியாளர்களுக்கு அனுப்புங்கள். மறுநாள் மதியம் அனுப்பினால் அது பழைய செய்தி.

புத்தகக் காட்சிகளில் தனி ஸ்டால் எடுக்காதீர்கள். ஒரே தலைப்பை வைத்து வாடகையை மீட்க முடியாது. நெய்வேலியில் என்.எல்.சி. நடத்தும் காட்சி, மாவட்ட நிர்வாகங்கள் நடத்துபவை, புதுச்சேரியில் நடப்பவை, ஜனவரியில் சென்னை நந்தனத்தில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்துவது எதுவானாலும், உங்கள் வகைப் புத்தகங்களை விற்கிற பதிப்பகத்தின் ஸ்டாலில் பத்துப் பிரதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கழிவு எவ்வளவு, கணக்கு எந்தத் தேதிக்குள், விற்காத பிரதிகளை யார் எடுத்துச் செல்வது என்ற மூன்றையும் டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ஆறு மாதம் கழித்துப் பணமும் வராது, பிரதியும் வராது. வந்தாலும் அழுக்கேறி வரும், விற்க முடியாது. நெய்வேலியை மட்டும் தவறவிடாதீர்கள். உங்கள் கதைகளில் வரும் ஊர்களிலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. ஒரு சனி, ஒரு ஞாயிறு மாலை அந்த ஸ்டாலில் நீங்களே நில்லுங்கள். ‘எந்த ஊர்?’ என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினால் போதும்.

சமூக ஊடகத்தில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. வாரம் இரண்டு பதிவு போதும், ஆனால் நிற்காமல் வர வேண்டும். தமிழில் தீவிரமாகப் படிக்கிறவர்கள் இன்னும் ஃபேஸ்புக்கில்தான் அதிகம் விவாதிக்கிறார்கள். இளைய வாசகர்கள் இன்ஸ்டாகிராமில். ஃபேஸ்புக்குக்குக் கதையிலிருந்து நூறு சொல் கொண்ட ஒரு பத்தி. இன்ஸ்டாகிராமுக்கு அதே பத்தியை உங்கள் குரலில், தோப்பு பின்னணியில், 40 விநாடி. மைக் இல்லாவிட்டால் காற்றுச் சத்தம் குரலை விழுங்கிவிடும், ஆகவே தோப்பைத் தனியாகப் படம்பிடித்து, வாசிப்பை வீட்டில் பதிவுசெய்து சேர்த்துவிடுங்கள். கொல்லாம்பூ (முந்திரிப்பூ) எந்த மாதம் பூக்கும், கொட்டை சுட்டு உடைக்கிறவர்களின் கை ஏன் புண்ணாகிறது, ஒட்டுக்கன்றுக்கும் நாட்டு மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததும் மற்றவருக்குத் தெரியாததும் இதுதான். ஐந்து பதிவுக்கு ஒன்றில் வாங்கும் வழியைச் சொன்னால் போதும். டிசம்பர் 30, தானே 2011-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த நாள். ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் ஊடகங்கள் அந்த நினைவைத் தேடும். டிசம்பர் முதல் வாரத்திலேயே நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புக்கு 600 சொல்லில் ஒரு கட்டுரை அனுப்பி வையுங்கள். அடுத்த வாரங்களில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் உங்கள் பெயரைப் படித்தவருக்கு வாங்கும் இடமும் அருகிலேயே இருக்கும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒன்று கவனியுங்கள்: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வாங்கிய ஒவ்வொருவரையும் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர், ஊர், தேதி, எங்கே கேள்விப்பட்டார் என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஊர்க் குழுக்களிலும் பள்ளி நண்பர் குழுக்களிலும் தினமும் அட்டைப்படத்தைப் போட்டால் உங்கள் பெயர் தொல்லை என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

மின்னூலை இப்போது அவசரப்படுத்தாதீர்கள்; அச்சுப் பிரதிகள் 50-க்குக் கீழே வந்தபின் போடலாம். ஆனால் ஒரு வேலையை இந்த வாரமே செய்யுங்கள்: வடிவமைத்தவரிடமிருந்து இறுதித் திருத்தம் முடிந்த முழு உரையையும் யுனிகோடில் கேட்டு வாங்குங்கள். நம் டிடிபி மையங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டுகிறார்கள். நீங்கள் மெய்ப்பில் செய்த திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும், உங்கள் வேர்டு கோப்பில் இருக்காது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கணினி மாறியிருக்கும். மாற்றிக் கொடுக்கும்போது ஒற்றெழுத்தும் கொம்பும் இடம்மாறும் என்பதால் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அமேசானின் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள்வரை அந்த மின்னூலை, உங்கள் சொந்தத் தளம் உட்பட, வேறெங்கும் தரக்கூடாது. அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை.

விருது விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆயிரக்கணக்கில் கட்டினால் பட்டமும் கேடயமும் தரும் விழாக்கள் நிறைய நடக்கின்றன. அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டால் விஷயம் தெரிந்த வாசகரும் விமர்சகரும் விலகிப் போவார்கள். தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசு, 35 வயதுக்குள் இருந்தால் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் போன்றவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். பரிசுக்கும் நூலகக் கொள்முதலுக்கும் பிரதிகள் கேட்பார்கள். ஆகவே 230-லிருந்து 25-ஐ இன்றே தனிக் கட்டாகக் கட்டி, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி, ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். இலவசத்துக்கு 40, சட்டப்படி நூலகங்களுக்கு 4, இந்த 25 போக உங்களிடம் விற்க இருப்பது 161 பிரதிகள். முந்திரி சீசன் தொடங்கும்முன் கல்லூரிகளைப் பார்த்து முடித்துவிடுங்கள். மார்ச் வந்துவிட்டால் அவர்களுக்கும் தேர்வு நேரம், உங்கள் ஊர்க்காரர்களுக்கும் தோப்பில் வேலை.